ஒரு நினைவு உபகாரச் சம்பளத்தின் வரலாறு



உங்களுள் பலர் உபகாரச் சம்பளம் பெற்றுப் படிப்பவர்களாக இருப்பீர்கள். கல்லூரி அலுவலகத்துப் பதிவேட்டில் கையொப்பமிட்டுத் தொகையைப் பெற்றிருப்பீர்கள். இக்காலத்தில் பணம் நேராக வங்கிக் கணக்கிலேயே சேர்ந்துவிடுவதால், சிலர் அந்தக் கையொப்பத்தைக்கூட இட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் பெறும் சம்பளத்தின் பெயரில் 'நினைவு' என்னும் சொல் இருக்குமாயின், அது யாருடைய நினைவு என்று என்றேனும் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. அந்தக் குறையை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு இன்று சொல்ல வந்த வரலாற்றைத் தொடங்குகிறேன்.

நான் பொறியியல் கல்லூரியில் பயின்ற நாளில், நினைவு உபகாரச் சம்பளம் ஒன்று எனக்குக் கிடைத்தது. தொகை பெரிதன்று, விடுதிச் சாப்பாட்டுச் செலவில் பாதிக்குக் காணும். ஆனால் அதன் முதல் தவணைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதைக் கொண்டு வரைகருவிப் பெட்டி ஒன்று வாங்கிக் கடைக்காரர் தந்த ரசீதை அலுவலகத்தில் காட்ட வேண்டும். ஏன் இந்த நிபந்தனை என்று நான் யோசிக்கவில்லை. பெட்டியை வாங்கினேன், ரசீதைக் காட்டினேன், படித்துத் தேறினேன், வேறோர் ஊரில் ஆசிரியனாகவும் ஆனேன்.

முப்பது ஆண்டுகள் கழித்துத் தேர்வாளனாக அதே கல்லூரிக்குச் செல்ல நேர்ந்தது. சம்பளம் பெற்றவர்களின் பெயர்களைப் பொன்னெழுத்தில் பொறித்த பலகை, பழைய இடத்திலேயே மாட்டப்பட்டிருந்தது. என் பெயர் எங்கே என்று அதில் தேடிக்கொண்டு நின்றேன். ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த எழுத்தர் ஒருவர் அருகில் வந்தார். "முதல் வரியில் இருப்பவர் யார் தெரியுமா, ஐயா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார்: அந்தப் பெயருக்குரியவன் மூன்றாம் ஆண்டு படிக்கையில் நச்சுக் காய்ச்சலால் இறந்துபோன ஒரு மாணவன். அவன் தந்தை மராமத்து இலாகாவில் ஓவர்சீயர். மகனுக்கென்று வரைகருவிப் பெட்டி வாங்கித்தர அவரால் இயலவில்லை. விடுதித் தோழர்கள் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு உறங்கச் சென்ற பின்பு, அவர்களுடைய கருவிகளை இரவல் வாங்கி அவன் வரைவானாம். மகன் போன பின்பு, அவன் படிப்புக்கென்று சேர்த்த பணத்தைத் தந்தை கல்லூரியிடம் ஒப்படைத்தார். நிபந்தனையின் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. என் பெயரைத் தேடத் தெரிந்த எனக்கு, முதல் வரியிலிருந்த பெயரைப் பற்றிக் கேட்க முப்பது ஆண்டுகளாகத் தோன்றவில்லை.

அன்றுமுதல் பொறியியல் அறிஞர் எவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் படித்தாலும், அவர் பெற்ற உபகாரச் சம்பளம் யார் பெயரால் ஏற்பட்டது என்று தேடும் வழக்கம் என்னிடம் உண்டாயிற்று. அவ்வாறு தேடியதில் கிடைத்த ஒரு வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அது இங்கிலாந்தில் தொடங்கிப் பெங்களூர் வரை வருகின்ற வரலாறு.

விமான எஞ்சின் துறையில் பெரும்புகழ் பெற்ற சர் ஸ்டான்லி ஹூக்கர் என்பவரின் வாழ்க்கைக் குறிப்பில் சிறு வரி ஒன்று காணப்படுகிறது. 1928-ஆம் ஆண்டில் அவர் விமானவியலுக்கான பஸ்க் மாணவச் சம்பளத்தைப் பெற்றார் என்பதே அந்த வரி. ஹூக்கரைப் பற்றி நூல்கள் உண்டு. பஸ்க் என்பவர் யார்?

எட்வர்ட் பஸ்க் 1886-ஆம் ஆண்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் இயந்திரவியல் பயின்று முதல் வகுப்பில் தேறியவர். 1912-ஆம் ஆண்டில், ஃபார்ன்பரோ என்னும் இடத்திலிருந்த அரசாங்க விமானத் தொழிற்சாலையில் சேர்ந்தார். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்து ஒன்பது ஆண்டுகளே கடந்திருந்த காலம் அது. அந்நாளைய விமானத்தை ஓட்டுவது கம்பியின்மேல் நடப்பதற்கு ஒப்பானது. கை ஒரு கணம் சோர்ந்தாலும் விமானம் சாய்ந்துவிடும். காற்று ஒருமுறை வீசியடித்தால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு முழுவதும் ஓட்டுபவரின் கையிலேயே இருந்தது. ஓட்டுபவர் களைத்தால் முடிவு என்ன என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தஞ்சாவூர்ப் பொம்மையை நீங்கள் அறிவீர்கள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது தானே நிமிர்ந்து நிற்கும். ஆகாயத்தில் பறக்கும் விமானமும் அவ்வாறே தானாக நிமிர்ந்துகொள்ளுமாறு செய்ய இயலுமா? இதுவே அக்காலத்து அறிஞர்களை வாட்டிய வினா. பொம்மை நிமிர்வதற்குக் காரணம் அதன் அடியில் உள்ள கனம். விமானத்துக்கு அந்த உபாயம் போதாது. அது காற்றைக் கொண்டே தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இறக்கைகளை நேர்கோடாக வையாமல் நுனிகள் சற்றே உயர்ந்திருக்கும்படி அமைத்தால், விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கும்போது தாழ்ந்த இறக்கைக்குத் தூக்குவிசை மிகும்; அது விமானத்தை நிமிர்த்தும். அம்பின் பின்புறத்து இறகு அதை நேராகச் செலுத்துவதுபோல், வாற்பகுதியின் தட்டுகள் மூக்கு மேலும் கீழும் அலையாமல் காக்கும்.

இவ்வளவும் கேட்பதற்கு எளிது. ஆனால் திருத்தம் மிகையானால் விமானம் மறுபக்கம் சாயும். அதைத் திருத்தப்போய் இன்னும் அதிகமாக இந்தப் பக்கம் சாயும். ஊஞ்சல் வீச்சுப்போல் அலைவு பெருகிக்கொண்டே போகலாம். எந்த அளவில் அமைத்தால் அலைவு தானே அடங்கும் என்று காண்பதற்குக் கடினமான கணிதம் தேவை. வேல்ஸ் நாட்டில் பாங்கர் நகரத்துக் கணிதப் பேராசிரியர் பிரையன் அந்தக் கணிதத்தை வகுத்து, 1911-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். டெடிங்டன் நகரிலிருந்த தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் பேர்ஸ்டோ என்னும் அறிஞர், சிறிய மாதிரிகளைச் செயற்கைக் காற்றில் வைத்து அளவுகள் எடுத்தார். ஏட்டில் கணக்கு இருந்தது. ஆய்வுக்கூடத்தில் அளவு இருந்தது. இரண்டையும் சேர்த்து, மனிதர் ஏறிப் பறக்கும் விமானமாக ஆக்கிக்காட்ட ஒருவர் வேண்டும். அந்தப் பணியை மேற்கொண்டவரே பஸ்க்.

தாம் போட்ட கணக்கைச் சோதிக்கும் ஆபத்தை அவர் பிறர் தலையில் சுமத்தவில்லை. தாமே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, தம் கணக்கின்மேல் தாமே ஏறிப் பறந்தார். அவர் ஆராய்ச்சியின் பயனாகத் திருத்தியமைக்கப்பட்ட பி.இ.2சி என்னும் விமானம் 1914-ஆம் ஆண்டில் உருவாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மேஜர் பிராங்கர் என்னும் இராணுவ அதிகாரி ஃபார்ன்பரோவிலிருந்து நெதரேவன் வரை ஏறத்தாழ 40 மைல் தூரம் அதில் பறந்தார். உயரே ஏறிய பின்பு, இறங்கும் வேளை வரையில் அவர் கட்டுப்பாட்டுக் கருவியைத் தொடவே இல்லை. கீழே தெரிந்த நிலப்பரப்பைப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டே போனார். விமானம் தன்னைத் தானே காத்துக்கொண்டது.

இந்த வெற்றிக்குப் பின் பஸ்க் வாழ்ந்தது ஐந்து மாதங்களே. 1914-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், பி.இ.2சி விமானம் ஒன்றில் அவர் தனியே பறந்துகொண்டிருந்தபோது அது ஆகாயத்திலேயே தீப்பற்றியது. அக்காலத்து விமானிகளிடம் பாராசூட் கிடையாது. அவருக்கு அப்போது வயது 28. எந்தக் காற்றிலும் சாயாத விமானத்தை ஆக்கிக் கொடுத்தவர், சாய்வினால் அன்றி நெருப்பினால் மாண்டார். மறு ஆண்டில், இங்கிலாந்தின் விமானவியல் கழகம் பேராசிரியர் பிரையனுக்கும் மறைந்த பஸ்குக்கும் தங்கப் பதக்கம் வழங்கிற்று.

அவர் நினைவாக மாணவச் சம்பளம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதன் விதியை நான் படித்தபோது, எங்கள் கல்லூரியின் வரைகருவிப் பெட்டி என் நினைவுக்கு வந்தது. விமானவியலில் ஆராய்ச்சி செய்ய விரும்பும் இளைஞருக்கு அச்சம்பளம் உரியது. அவற்றுள்ளும் விமானத்தின் சமநிலை, காற்றின் திடீர் வீச்சுகள், பறத்தலைப் பாதிக்கும் வானிலை முதலிய, பஸ்க் தாம் ஈடுபட்டிருந்த துறைகளுக்குச் சிறப்பிடம் அளிக்கப்பட்டது. இதன் கருத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஓர் இளைஞர் தம் மேசைமேல் பாதியில் விட்டுச் சென்ற வினாக்களை, முகமறியாத வேறோர் இளைஞர் எடுத்துத் தொடரவேண்டும் என்பதே அந்த ஏற்பாடு. கல்லில் செதுக்கிய நினைவுச் சின்னம் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தச் சின்னமோ, கையில் பென்சிலும் தாளுமாக நடமாடத் தொடங்கிற்று.

வினாக்கள் பாதியில் நின்றன என்று சொல்வது வெறும் அலங்காரமன்று. பஸ்கின் விமானம் போரில் வேவு பார்க்க மிகவும் உதவிற்று. ஓட்டுபவர் கையை எடுத்துவிட்டுக் குறிப்பு எழுதலாம், படம் பிடிக்கலாம். ஆனால் 1915-ஆம் ஆண்டில், சுழலும் விசிறியின் ஊடே சுடும் துப்பாக்கியுடன் ஜெர்மானியரின் ஃபாக்கர் விமானம் தோன்றியபோது, அசையாமல் செல்லும் அந்தக் குணமே தீமையாயிற்று. சட்டென்று திரும்பித் தப்ப அதனால் முடியவில்லை. நிலைபேறு எவ்வளவு வேண்டும், இசைந்து திரும்பும் இயல்பு எவ்வளவு வேண்டும் என்பது புதிய வினாவாக எழுந்தது. உயிரோடிருந்தால் பஸ்க் அதையும் ஆராய்ந்திருக்கக்கூடும். அந்தப் பணி பின்வந்தவர்களைச் சேர்ந்தது.

பஸ்க் இறந்து பதினான்கு ஆண்டுகள் சென்றபின் அச்சம்பளத்தைப் பெற்றவர்களுள் ஒருவர்தாம் ஸ்டான்லி ஹூக்கர். கென்ட் மாகாணத்துக் கடலோரச் சிற்றூராகிய ஷீர்னஸில் 1907-ஆம் ஆண்டில் பிறந்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கணிதம் பயின்றவர். நீரும் காற்றும் ஓடும் ஓட்டத்தைப் பற்றிய கணிதத்தில் அவர் மனம் தோய்ந்தது. சம்பளம் கிடைத்த பின்பு ஆக்ஸ்போர்டுக்குச் சென்று ஆராய்ந்து, 1935-ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

1938-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டெர்பி நகரத்து ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலையில் அவர் சேர்ந்தார். எஞ்சினைக் கழற்றி மாட்டிப் பழகியவர் அல்லர். கணக்கு மட்டுமே அறிந்தவர். 'பெரிய எஞ்சினியர் ஒன்றுமில்லை' என்று பொருள்படும் பெயரைத் தம் சுயசரிதைக்கு அவரே பிற்காலத்தில் சூட்டினார். இன்ன வேலை என்று எவரும் அவருக்குக் குறித்துக் கொடுக்கவில்லை. அப்படி இருக்கையில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் 'சூப்பர்சார்ஜர்' என்னும் கருவியைப் பற்றிய சோதனைக் குறிப்புகள் அவர் கண்ணில் பட்டன.

அந்தக் கருவியின் தேவையை இரண்டே சொற்களில் கூறிவிடலாம். உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. சுமார் 22,000 அடி உயரத்தில், கடல் மட்டத்தில் உள்ள அடர்த்தியில் பாதியே இருக்கிறது. மூச்சு முட்டும் மனிதன்போல் எஞ்சினும் அங்கே வலுவிழக்கும். ஆதலால் மெல்லிய காற்றை அழுத்தித் திணிக்க வேண்டும். ஆனால் திணிக்கும் கருவியைச் சுழற்றுவதும் அதே எஞ்சின்தான்; கருவி திறமையற்றதாக இருந்தால், கொடுப்பதில் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடும். கருவிக்குள் காற்று ஓடும் பாதையை ஹூக்கர் கணக்கிட்டுப் பார்த்தார். அதன் திறமையை இன்னும் கணிசமாக உயர்த்தலாம் என்று கண்டு எழுதிக்கொடுத்தார். அனுபவம் மிக்கவர்கள் அதைப் புறக்கணிக்கவில்லை. சரிபார்த்து, அந்த வேலையையே அவரிடம் ஒப்படைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1941-ஆம் ஆண்டில் ஜெர்மானியர் ஃபாக்க-வுல்ஃப் 190 என்னும் புதிய போர் விமானத்தைக் களத்தில் இறக்கினர். அன்றைய ஸ்பிட்ஃபயர் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் தவித்தது. காற்றை இரு படிகளில் அழுத்தி, அழுத்தத்தால் சூடேறியதைக் குளிர்வித்துச் செலுத்தும் மெர்லின் 61 எஞ்சின் ஸ்பிட்ஃபயரில் பொருத்தப்பட்டு, 1942-ஆம் ஆண்டில் களம் புகுந்தது, நிலைமை மாறிற்று. போர் தொடங்கியபோது ஏறத்தாழ 1,000 குதிரைத்திறன் தந்த அதே 27 லிட்டர் மெர்லின் எஞ்சின், போர் முடியும் தறுவாயில் 2,000 குதிரைத்திறன் அளவை எட்டியது. நல்ல எரிபொருளும் உறுதியான பாகங்களும் பலருடைய உழைப்பும் இதற்குக் காரணங்கள். எனினும் காற்றின் பாதையைச் செப்பனிட்ட ஹூக்கரின் பங்கு அவற்றுள் முதன்மையானது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். போருக்குப் பின் ஹூக்கர், 1949-ஆம் ஆண்டில் ரோல்ஸ்-ராய்ஸை விட்டுப் பிரிஸ்டல் நிறுவனத்தை அடைந்தார். அங்கே அவர் தலைமையில் உருவான ஜெட் எஞ்சின்களுள் ஒன்று ஆர்ஃபியஸ். சிறியது, எளிய அமைப்புடையது. அதை உரிமம் பெற்று நம் நாட்டிலேயே செய்வதற்காக, 1957-ஆம் ஆண்டில் பெங்களூரில் எஞ்சின் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-ஆம் ஆண்டுப் போரில் பெயர்பெற்ற நாட் என்னும் சிறு விமானத்தை இயக்கியது இந்த ஆர்ஃபியஸ்தான். நம்மவர் உருவாக்கிய மாருத் என்னும் ஜெட் போர் விமானத்திலும் இரண்டு ஆர்ஃபியஸ் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. மாருத் முதன்முதலாகப் பறந்தது 1961-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள்.

பெங்களூரில் அந்த மாருத்தின் அமைப்புக்குத் தலைமை தாங்கியவர் யார்? கர்ட் டாங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர். இருபது ஆண்டுகளுக்கு முன் ஸ்பிட்ஃபயரைத் தவிக்கவைத்த ஃபாக்க-வுல்ஃப் 190 விமானத்தை வகுத்தவரும் அவரே! போரில் எதிரெதிர் நின்ற இரண்டு அறிவுகள், ஒன்று உடலாகவும் மற்றொன்று உயிராகவும் நம் மண்ணில் ஒரே விமானத்தில் கூடின. எதிர்பார்த்த வேகத்தை மாருத் எட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு வேண்டிய இன்னும் வலிய எஞ்சின் கிடைக்காமல் போனதே காரணம். எனினும், ஒரு ஜெட் போர் விமானத்தை முழுமையாக நாமே உருவாக்கலாம் என்னும் துணிவை நம் பொறியாளருக்குத் தந்தது அந்த விமானம்.

ஹூக்கர் வரலாற்றில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் நொடித்துப்போயிற்று. ஆர்.பி. 211 என்னும் புதிய எஞ்சினுக்கு ஆன அளவற்ற செலவே காரணம். எஞ்சினோ எதிர்பார்த்த ஆற்றலைத் தரவில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளரின் பிழைப்பு அந்த ஓர் எஞ்சினைப் பொறுத்திருந்தது. ஓய்வு பெற்றிருந்த ஹூக்கர் மீண்டும் டெர்பிக்கு வந்தார்; தம்மைப்போல் ஓய்வு பெற்ற பழைய தோழர்களையும் உடன் அழைத்துக்கொண்டார். குறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் களைந்தார்கள். 1972-ஆம் ஆண்டில் எஞ்சின் தகுதிச் சான்று பெற்றுப் பயணிகளைச் சுமந்து பறந்தது. 1974-ஆம் ஆண்டில் அவருக்கு சர் பட்டம் அளிக்கப்பட்டது. 1984-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

நண்பர்களே, அந்தச் சம்பளம் கிடைத்திராவிட்டால் ஹூக்கர் ஹூக்கராகியிருக்க மாட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அறிவும் உழைப்பும் அவருடையவை. பஸ்க் ஆராய்ந்தது விமானத்தின் சமநிலை. ஹூக்கர் பணிசெய்தது எஞ்சினுக்குள் ஓடும் காற்றில். ஆயினும் இருவரும் கேட்டது ஒரே வகைக் கேள்வி. கண்ணுக்குத் தெரியாத காற்று என்ன செய்கிறது என்பதைக் கணக்கினால் கண்டுபிடித்து, உலோகத்தினால் மெய்ப்பிக்க இயலுமா என்று இருவரும் கேட்டார்கள். ஏட்டுக் கணக்குக்கும் பட்டறைக்கும் இடையே பாலம் இடுவதே இருவர் தொழிலும். அந்தப் பாலத்தின் ஒரு கரையில் 28 வயதில் நின்றுபோனவர் பஸ்க். மறுகரை நோக்கி அறுபது வயதைக் கடந்த பின்பும் நடந்துகொண்டிருந்தவர் ஹூக்கர்.

உபகாரச் சம்பளம் வாங்குவதை இரவலர் செயலாகக் கருதி உங்களுள் எவரேனும் கூசுவதுண்டானால், அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். உரிமைப் பணம் என்று மட்டும் கருதி மறந்துவிடுவோர் இருந்தால், அவர்களுக்கும் ஒன்று சொல்வேன். நினைவு உபகாரச் சம்பளம் என்பது பாதியில் நின்ற ஒரு வேலையின் முன்பணம். கொடுத்தவர் உங்களிடம் நன்றியுரை கேட்க வரமாட்டார்; பெரும்பாலும் அவர் உயிரோடு இருக்கவும் மாட்டார். அவர் விட்ட இடம் எது என்று தெரிந்துகொள்வதுதான் நீங்கள் செய்யவேண்டிய முதற்காரியம். அதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. கல்லூரிச் சுவரில் ஒரு பலகை இருக்கும். அலுவலகத்தில் ஒரு பழைய கோப்பு இருக்கும். விவரம் அறிந்த முதியவர் ஒருவர் இருப்பார். அவரும் ஓய்வு பெற்றுச் சென்றுவிடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னுடைய வரைகருவிப் பெட்டி இன்றும் என்னிடம் இருக்கிறது. இன்றைய மாணவர்கள் கணிப்பொறியில் வரைகிறார்கள். ஆதலால் அதற்கு இப்போது வேலையில்லை. அதன் மூடியின் உட்புறத்தில் என் பெயரை அந்நாளில் எழுதி வைத்திருந்தேன். கல்லூரிக்குச் சென்று திரும்பிய அன்று இரவு, அதற்கு மேலே இன்னொரு பெயரை எழுதினேன். இரவல் கருவியால் நள்ளிரவில் வரைந்த அந்த மாணவனின் பெயர் அது. முப்பது ஆண்டு தாமதமாக எழுதியது. உங்களுக்கு அவ்வளவு தாமதம் வேண்டாம்.